பதக்கம் மின்னுகிறது, கருவி இயங்குகிறதா?



நீரின் வலிமையைப் பற்றிக் கோப்பெங் மக்களுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து பெருங்குழாய்களில் நீரை இறக்கி, அதன் விசையாலேயே மண்மேடுகளைக் கரைத்து ஈயம் எடுத்த ஊர் இது. அந்தப் பொறியியலுக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. மயிரிழை அளவே அகலமுள்ள கால்வாய்களில் ஒரு துளியை ஓடவிட்டு ஆராயும் துறை அது. நுண்பாய்மவியல் என்பர். அத்துணைச் சிறிய கால்வாயில் இரண்டு நீரோடைகள் ஒன்றோடொன்று எளிதில் கலவாமல் பக்கம் பக்கமாகவே ஓடும். நம் கண்ணுக்குப் பழகிய நீரின் குணம் அங்கே மாறிவிடுகிறது. ஆகவே, அங்கே வாய்ச்சொல் செல்லாது; அளந்து பார்த்தவன் சொல்லே செல்லும்.

இதை ஏன் இங்கு எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது.

அண்மையில் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு புத்தாக்கப் போட்டிக்குச் சென்றிருந்தேன். எங்கள் மேசைக்கு அடுத்து, வேறொரு பள்ளியின் பத்து அகவைச் சிறுமி ஒருத்தி, நீரைத் தூய்மையாக்கும் கருவி ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் மடமடவென்று ஒப்பித்தாள். பாராட்டிவிட்டுத் தமிழில் கேட்டேன்: “எத்தனை முறை சோதித்துப் பார்த்தாய் அம்மா? எப்போது தவறிப் போனது?” அவள் திகைத்துப் பின்னால் நின்ற ஆசிரியரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, “அதையெல்லாம் நடுவர்கள் கேட்க மாட்டார்கள் ஐயா” என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. நடுவர்கள் கேட்கவில்லை. அவளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது!

அமெரிக்காவில் தெரனோஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. எலிசபெத் ஹோம்ஸ் என்னும் பெண், பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு, 19ஆம் அகவையில், 2003இல் தொடங்கியது. விரல் நுனியில் எடுக்கும் சில துளிக் குருதியைக் கொண்டே நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்வோம் என்றது. அதன் மதிப்பு 900 கோடி அமெரிக்க வெள்ளி வரை உயர்ந்தது.

அதன் தலைமைக் குழுவைப் பாருங்கள். இயக்குநர் அவையில் ஹென்றி கிசிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் இருவர், முன்னாள் தற்காப்பு அமைச்சர் ஒருவர், முன்னாள் செனட்டர்கள், படைத்தளபதிகள். ஹோம்ஸுக்கு அடுத்த நிலையில் நிறுவனத்தை நடத்திய சன்னி பல்வானி, கணினி மென்பொருள் துறையிலிருந்து வந்தவர். மருத்துவம் அறிந்தோர் ஓரிருவர் அவையில் இருந்தது உண்மைதான். ஆயினும், குருதிச் சோதனைக் கருவியைத் தம் கையால் கட்டி, பழுது பார்த்து, பட்டறிந்தவர் அங்கே எங்கே?

துளி சிறிதானால் இடர் பெரிதாகும். விரல் நுனிக் குருதியில் திசுநீர் கலந்துவிடும். போதாத குருதியை நீர்த்துப் பெருக்கினால் அளவையின் பிழையும் கூடவே பெருகும். இதை உள்ளே இருந்த ஆய்வாளர்கள் அறிந்திருந்தனர், சொல்லியும் பார்த்தனர். செவிமடுப்பார் இல்லை. நிறுவனத்தின் சொந்தக் கருவி சில சோதனைகளையே செய்தது. பெரும்பாலானவை பிற நிறுவனங்களின் வழக்கமான கருவிகளில் நடந்தன.

உண்மையை வெளிக்கொணர உதவியவர்கள் யார்? எரிக்கா சியுங், டைலர் ஷுல்ட்ஸ் என்னும் இரண்டு இளம் பணியாளர்கள். பின்னவர், இயக்குநர் ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன்! தாத்தா நம்பவில்லை. 2015இல் நாளிதழ் ஒன்று அம்பலப்படுத்தியது. 2014, 2015 ஆண்டுகளில் தன் சொந்தக் கருவி தந்த முடிவுகள் செல்லா என்று நிறுவனமே 2016இல் அறிவித்தது. அந்த முடிவுகளை நம்பி மருந்து உண்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. 2022இல் ஹோம்ஸுக்கு 11 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை. பல்வானிக்கு ஏறத்தாழ 13 ஆண்டுகள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெங்களூரில் 2009இல் தொடங்கிய அச்சிரா லேப்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறுவனர்களுள் ஒருவரான தனஞ்சயா தெண்டுகூரி, இதே நுண்பாய்மவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வேதிப்பொருள் தோய்த்த பட்டு இழைகளைக் கைத்தறியில் நெய்து, அத்துணியையே சோதனைப் பட்டையாக்கும் வழியை அவரும் அவர்தம் குழுவினரும் 2011இல் ஆய்விதழில் வெளியிட்டனர். ஆய்விதழில் வெளியிடுவது என்றால் என்ன பொருள்? “இதோ எங்கள் செய்முறை, இதோ எங்கள் அளவைகள், ஐயம் இருந்தால் நீங்களே செய்து பாருங்கள்” என்று உலகத்தின் முன் வைப்பது. தெரனோஸ் பல்லாண்டுக் காலம் செய்ய மறுத்தது இதைத்தான்.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். நாம் எந்தத் தலைமைக் குழுவுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறோம்?

அழகான பலகை. மனப்பாடமான உரை. சீருடை மேல் கோட்டு. கருவியைச் செய்தவர் ஆசிரியர் அல்லது யாரோ ஒரு தந்தை. இதை எழுதும் நானும் குற்றவாளிதான். ஒரு முறை, போட்டிக்கு முந்தைய இரவு, மாணவர்கள் உறங்கிய பின் நானே ஒட்டியும் பற்றவைத்தும் முடித்த கருவிக்கு அவர்கள் பரிசு வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தை மறுநாள் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

“தமிழ்ப்பள்ளி என்றால் ஏளனம் செய்தார்களே! அந்த வாயை அடைத்தவை இந்தப் பதக்கங்கள்தாமே?” என்று நண்பர்கள் கேட்பார்கள். மறுக்கவில்லை. உண்மையாக உழைத்து வென்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால், அவர்களின் பதக்கத்தையும் மலிவாக்குவது போலிப் பதக்கம் அல்லவா? பிறர் வாயை அடைப்பதற்காக நம் பிள்ளைகளுக்குப் பொய்யுரைக்கக் கற்றுத் தரலாமா?

நான் கேட்பவை மூன்றே. ஒன்று, ஒவ்வொரு மேசையிலும் மாணவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தவறிய சோதனைகளும் அதில் இருக்கட்டும். இரண்டு, நடுவர்கள் கருவியை அங்கேயே இயக்கச் சொல்லட்டும். மூன்று, “எங்கள் கருவி இன்னும் சரியாக இயங்கவில்லை, காரணம் இதுவென்று நினைக்கிறோம்” என்று சொல்லும் குழுவுக்கும் ஒரு பரிசு வையுங்கள்.

நாளை நம் பிள்ளைகளும் நிறுவனங்களின் தலைமை மேசையில் அமர்வார்கள். அமர வேண்டும். அங்கே, “இது இன்னும் இயங்கவில்லை” என்று எழுந்து நின்று சொல்லும் ஒருவராவது நம் பள்ளியில் படித்தவராக இருக்கட்டும். அந்தச் சொல்லை அவர் முதன்முதலில் நம் வகுப்பறையில்தான் அச்சமின்றிச் சொல்லிப் பழக வேண்டும்.

சிந்திப்போம்! திருந்துவோம்!