வாயிலும் வழியும்

விழா மலரில் வாழ்த்துரை கூறுதல் மரபு. அம்மரபினின்று சிறிது விலகி, எம் மனத்திலுள்ள கவலையொன்றை வாசக அன்பர் முன் வைக்க விழைகின்றோம்.

பல்கலைக்கழக அனுமதி இந்நாட்டில் நெடுங்காலமாக அரசியற் போர்க்களமாய் இருந்து வருகின்றது. தமிழ்ப் பரீட்சகர் தம்மவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்றொரு வதந்தி 1970ஆம் ஆண்டளவிற் பரவிற்று. அது மெய்யென நிறுவப்படவில்லை. ஆயினும் அதன் விளைவு நிலைத்து நின்றது. வைத்தியத் துறை புகுவதற்குச் சிங்களமொழி மாணவர்க்கு 229 புள்ளியும் தமிழ்மொழி மாணவர்க்கு 250 புள்ளியும் எல்லையாக வகுக்கப்பட்டன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கீடும் வந்தன. 1970இல் தோன்றிய தமிழ் மாணவர் பேரவை இவ்வநீதியை எதிர்த்துக் குரலெழுப்பிற்று. மேடைகளும் பத்திரிகைகளும் இரு கட்சியாயின. ஒரு சாரார் தகுதியே அளவுகோல் என்றனர்; மறு சாரார் பின்தங்கிய கிராமத்தவர்க்கு இடம் வேண்டும் என்றனர்.

இரு வாதத்திலும் உண்மை உண்டு. ஆயின் இரண்டும் கலைக்கழகத்தின் வாயிலைப் பற்றியே பேசின. அவ்வாயிலுக்குச் செல்லும் வழியே அற்றிருந்த மலையகப் பிள்ளையைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1960–61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. அவை அரசின் கைக்கு வரத் தொடங்கியது எழுபதுகளிலேதான். தரப்படுத்தலைப் பற்றி நாடு கொதித்தெழுந்த நாளில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோரின் பிள்ளைகள் பலர் ஐந்தாம் வகுப்பையும் தாண்டவில்லை.

இன்று பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 இடம் குடித்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியாவும் பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுட் சேர்ந்தவை; மாத்தளை சேரவில்லை. தோட்டத்து மக்களின் தொகையும் சேர்ந்தே மாத்தளையின் பங்கு கணிக்கப்படுகின்றது. ஆயின் அப்பங்கில் அமர, அவர்தம் பிள்ளை நகரத்துப் பெரும் பாடசாலை மாணவனோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிடல் வேண்டும். தலையை எண்ணும்போது அவன் உண்டு. இடத்தைப் பகிரும்போது அவன் இல்லை எனின், அது நீதியாகுமா?

கோஷம் செய்தியாகின்றது, தமிழ்மொழியில் பௌதிகம் கற்பிக்க ஆசிரியரில்லாத வகுப்பறை செய்தியாவதில்லை. போராட்டம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எதற்காகப் போராடுவது என்பதையே வினவுகின்றோம்.

பழைய மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்தர விஞ்ஞான வகுப்பிற் சேர்ந்தனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், எவ்வெப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்னும் கணக்கை ஆண்டுதோறும் திரட்டி, இம்மலரிலேயே வெளியிடுவோமாக. வதந்திக்கு மாற்று மருந்து கணக்கே. அக்கணக்கைக் கையில் ஏந்தி அதிகாரிகளின் கதவைத் தட்டும் நாளே, நமக்கு மெய்யான விழா நாளாகும்.