எழுபதுக்கு மேல் பாலைவனம் எதற்கு?

குளிர்காலம் நெருங்கினால் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் வயதானவர்கள் தெற்கே கிளம்பிவிடுகிறார்கள். 'ஸ்னோபேர்ட்ஸ்', அதாவது பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர். அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டியில்தான் பலர் போகிறார்கள். அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 2,400 பேர்தான். குளிர்காலத்திலோ ஊரைச் சுற்றியுள்ள பாலைவனமெல்லாம் வண்டிகள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்குள்ள அரசு நிலத்தில் கட்டணம் கட்டித் தங்கலாம். சிலர் பக்கத்தில் சொந்தமாகவே நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் என் பள்ளித் தோழர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் ஒன்றாகப் படித்தோம். நான் இங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். அவர் அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு மாண்ட்ரியல் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஐந்து ஏக்கரில் மின் இணைப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, சாக்கடை இல்லை. நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம் என்று வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வங்கியில் வரிசையில் நிற்கும் நவம்பர் மாதத்தில், அவரும் மனைவியும் 4,000 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். அவருக்கு 74, அம்மையாருக்கு 71.

இந்த ஆண்டு அவர் மகன் போன் செய்தான். "மாமா, நீங்களாவது அப்பாகிட்டச் சொல்லுங்க. நிலத்தையும் வண்டியையும் வித்துட்டு வீட்ல நிம்மதியா இருக்கட்டும்" என்றான். நான் சொல்லப்போவதில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த வாழ்க்கையை ஊர்சுற்றல் என்று நினைப்பது தவறு. அது முழுக்கக் கணக்கு. வண்டியின் தொட்டியில் 250 லிட்டர் தண்ணீர். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்றால் பத்து நாள். பதினோராம் நாள் ஊருக்குப் போய்த் தண்ணீர் பிடித்து, கழிவுத் தொட்டியையும் காலி செய்துவிட்டு வரவேண்டும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து. டிசம்பரில் பகல் பத்து மணி நேரம்தான், சூரியனும் தாழ்வாகவே போகும். அதனால் தகடுகளை நன்றாகச் சாய்த்து வைக்க வேண்டும். மேகம் போட்ட நாளில் எதை அணைப்பது என்று காலையிலேயே முடிவு செய்கிறார்கள்.

நாள் கணக்கும் உண்டு. ஓர் ஆண்டில் 183 நாள் வெளியே இருந்துவிட்டால் கியூபெக் அரசின் மருத்துவக் காப்பீட்டுக்குச் சிக்கல். 21 நாளுக்கு மேற்படாத பயணங்கள் மட்டும் இதில் சேராது. அமெரிக்க வரித்துறையோ இந்த ஆண்டு தங்கிய நாட்களோடு, போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டிப் பார்க்கும். அந்தக் கூட்டல் 183-ஐத் தொட்டால் தனியே ஒரு படிவம் போட வேண்டும். நண்பர் எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். பள்ளியில் சொல்லிய 'கர்னே' என்ற பெயரையே அதற்கு இன்னும் வைத்திருக்கிறார். முப்பது வருடம் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன், இந்தக் கணக்கைப் பிழையில்லாமல் வைத்திருப்பவருக்குப் புத்தி தளர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, யாரையும் சாராமல் வாழ்வதாக அவர் நினைக்கவில்லை. அதே மாநிலத்தில் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகள் லாரித் தண்ணீரை நம்பியிருந்தன. கொலராடோ ஆற்றில் நீர் குறைந்ததால், பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேல் 2023 ஜனவரி 1 முதல் அந்த லாரிகளுக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தியது. பெரிய வீடு, நல்ல வருமானம் எல்லாம் இருந்தும் அவர்கள் திண்டாடினார்கள். தன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் முக்கியம். நண்பருக்கு அது தெரியும்.

மூன்றாவது, மகன் ஒப்பிடும் முறை சரியில்லை. பாலைவனத்தை அவன் ஆபத்தே இல்லாத ஒரு வீட்டோடு ஒப்பிடுகிறான். உண்மையில் ஒப்பிட வேண்டியது மாண்ட்ரியல் ஜனவரியோடு. அங்கே சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்குப் பக்கம். உறைந்த நடைபாதையில் வழுக்கி இடுப்பு முறிந்தால் இந்த வயதில் எழுவது கடினம். என் மனைவி போனில் பேசியபோது அந்த அம்மாள் சொன்னது இது: "அக்கா, அங்க மூணு மாசம் ஜன்னல் வழியாத்தான் உலகத்தப் பாக்கறேன். இங்க தினம் காலைல ஒரு மணி நேரம் நடக்கறேன்." பல வீடுகளில் இது கணவனின் ஆசை, மனைவிக்குத் தண்டனை. இங்கே அப்படியில்லை. மகன் அம்மாவைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் மகனின் பயத்தையும் ஒதுக்கித் தள்ள முடியாது. மருத்துவமனை பார்க்கர் என்ற ஊரில், ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அவர்கள் நிலத்தில் செல்போன் சிக்னல் சில நேரம்தான். பயணக் காப்பீட்டிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கிளம்புவதற்கு முன் சில மாதங்களில் மாத்திரையோ அளவோ மாறியிருந்தால், அந்த நோய்க்குப் பணம் கிடைக்காமல் போகலாம். மாரடைப்பு சிகிச்சைக்கு அமெரிக்காவில் கைக்காசு கட்டுவதென்றால் மாண்ட்ரியல் வீட்டையே விற்க நேரும்.

ஆகவே எப்போது நிறுத்துவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வயதை அளவாக வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். நண்பர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று நிபந்தனைகள் எழுதியிருக்கிறார். தண்ணீர் கேனைத் தூக்க முடியாமல் போனால், வண்டியைத் தானே பின்னால் எடுத்து நிறுத்த முடியாமல் போனால், நிலத்தை விற்றுவிடுவது. இதய மாத்திரை மாறினால் அந்த ஆண்டு கிளம்புவதில்லை. நான் இரண்டைச் சேர்க்கச் சொன்னேன். மனைவி போதும் என்றால் அன்றோடு நிறுத்த வேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று வாங்கி, தினமும் மாலை ஆறு மணிக்கு மகனுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. அப்பாவுக்கு எழுபது ஆனதும் ஏ.டி.எம். கார்டு மகன் பைக்குப் போய்விடுகிறது. "நீங்க சும்மா உக்காருங்க" என்பது அன்பாகத்தான் சொல்லப்படுகிறது. கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனவர் இரண்டே வருடத்தில் நிஜமாகவே தடுமாறத் தொடங்குவதை எங்கள் ஓய்வூதியர் வட்டாரத்தில் பலரிடம் பார்த்துவிட்டேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அப்பாவிடம் நிலத்தை விற்கச் சொல்லாதே. அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைக் காட்டச் சொல். அதை நீயும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். அதில் எழுதியிருப்பது நடக்கும் நாளில் அவருக்கே அதை நினைவுபடுத்த உன்னைவிட உரிமையுள்ளவர் யாரும் இல்லை.