பளிங்குத் தண்ணீரும் பாண் துண்டும்



இம்மாதம் சமையலைப் பற்றியோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ அல்ல, எங்கள் வீட்டு மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். மீன் வளர்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் ஒரு மாமியார் மருமகள் கதையும் இருக்கிறது.

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் நாங்கள் வசிக்கிறோம். முற்றமும் இல்லை, பூக்கன்று வைக்க இடமும் இல்லை. மகனின் பத்தாவது பிறந்த நாளுக்கு இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஏறக்குறைய 55 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். நான்கு தங்கமீன்களை விட்டோம். ஊரை விட்டு வந்தபின் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த மாமிக்கு அந்தத் தொட்டி பெரிய துணையாகிவிட்டது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அதன் முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் மாதம் ஒரு மீன் செத்து மிதந்தது. அடுத்த கிழமை இன்னொன்று. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மகன் அழுதான். மீன் கடையில் அமோனியா பார்க்கும் சோதனைத் துளிகளை வாங்கி வந்தேன். சிறு குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து அந்தத் துளிகளை விட்டால், அமோனியா இல்லாதபோது மஞ்சளாக நிற்கும். இருந்தால் பச்சையாகும். எங்கள் தண்ணீர் கரும்பச்சையானது. இத்தனைக்கும் தொட்டியில் தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. சனிக்கிழமை தோறும் நானே கழுவுகிறேனே!

அன்றைக்குத்தான் மாமி தொட்டிக்குள் பாண் துண்டு பிய்த்துப் போடுவதைக் கண்டேன். “நீங்கள்தான் மீனைச் சாகடிக்கிறீங்கள்” என்று மகனின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். “அதுகள் வாயைத் திறந்து திறந்து கேக்குதுகள் பிள்ளை, எப்பிடிப் பார்த்துக்கொண்டிருக்கிறது?” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து தொட்டிப் பக்கமே அவர் வரவில்லை. கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பாண் நின்றது. இரண்டு கிழமை கழித்துச் சோதித்தேன். அதே பச்சை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் பல வருடங்களாக மீன் வளர்ப்பவர். அண்ணாவிடம் போய் முறையிட்டேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். உங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தால் நீங்களும் அந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

முதலாவது, “பைப் தண்ணியைச் சோதிச்சனியோ தங்கச்சி?” சோதித்தேன். மஞ்சள்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரொறன்ரோ போன்ற நகரங்களில் குளோரீனோடு அமோனியாவைச் சேர்த்த குளோரமைனால் தண்ணீரைச் சுத்திகரிக்கிறார்கள். அங்கே குழாய்த் தண்ணீரே பச்சை காட்டலாம்.

இரண்டாவது, தீனி. தின்னாமல் மிஞ்சியது அழுகினால் அமோனியா. மீனின் கழிவிலும் அமோனியா. அதன் செவுள் வழியாகவும் அமோனியா வெளியேறுகிறது. ஆகவே பாணும் தவறுதான். ஆனால் பாண் நின்றபின்னும் பச்சை மாறவில்லையே!

மூன்றாவது, கல்லுக்கடியில் செத்த நத்தை, அழுகிய இலை ஏதும் உண்டா? இல்லை. ஆனால் மகன் வெள்ளவத்தைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் முருகைக்கல்லும் கிடந்தன. அவை சுண்ணாம்பு. கரையக் கரையத் தண்ணீரின் பீ.எச். அளவு கூடும். கொழும்பின் வெப்பத்தில், பீ.எச். 7 இல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய நஞ்சாக இருக்கும். பீ.எச். 8 ஆனால் அது நூற்றில் ஏழளவு வரை போகும். அவற்றை எடுத்துவிடச் சொன்னார்.

நான்காவது கேள்வி. “ஸ்பொஞ்சை எப்பிடிக் கழுவுறனி?” பெருமையோடு சொன்னேன்: ஒவ்வொரு சனியும் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, வடிகட்டியின் ஸ்பொஞ்சையும் கல்லையும் குழாயின் கீழ் வெள்ளையாகும் வரை கசக்கிக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறேன். அண்ணா தலையில் கை வைத்தார்.

சகோதரிகளே, அந்தப் பழுப்பு ஊத்தைதான் தொட்டியின் உயிர். அமோனியாவை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் அதில்தான் ஒட்டி வாழ்கின்றன. 1890 அளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி மண்ணிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டியவை இந்த இனத்து நுண்ணுயிர்களே. களனி ஆற்றுத் தண்ணீரை அம்பத்தளையில் சுத்திகரித்துக் குளோரீன் கலந்து அனுப்புவது கிருமிகளைக் கொல்லத்தான். அந்தக் குளோரீன் நல்ல கிருமி, கெட்ட கிருமி பார்ப்பதில்லை. உறைமோர்ச் சட்டியைத் தினமும் சுடுதண்ணீரில் கழுவிவிட்டுத் தயிர் உறையவில்லை என்று அழுதால் எப்படி? நான் செய்தது அதுதான்.

மின்வெட்டும் இதையே செய்யும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். வடிகட்டி நின்றால் ஒட்சிசன் இன்றி இந்த நுண்ணுயிர்கள் செத்துப்போகும். நீண்ட நேரம் மின்சாரம் நின்றால், மூடிய வடிகட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். அன்று தீனியும் வேண்டாம்.

அண்ணா தன் தொட்டியின் ஊத்தை ஸ்பொஞ்சில் ஒரு துண்டை வெட்டி, அந்தத் தண்ணீரோடேயே சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுத் தந்தார். உறைமோர் கடன் வாங்குவது போலத்தான். நோயில்லாத தொட்டியிலிருந்து எடுப்பது முக்கியம். பிறகு நான் செய்தவை இவை:

முழுத் தண்ணீரையும் மாற்றுவதை நிறுத்தினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசி மாத்திரம் மாற்றினேன்.

புதுத் தண்ணீரை முதல் நாளே வாயகன்ற வாளியில் பிடித்துத் திறந்து வைத்தேன். குளோரீன் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரீன் நீக்கித் துளிகளை விடலாம். குளோரமைன் மட்டும் வாளியில் நின்று போகாது, அதற்குத் துளிகளே வேண்டும்.

ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இலேசாக அலசினேன், அதுவும் தண்ணீர் ஓட்டம் குறைந்தபோது மாத்திரம். கல்லையும் ஸ்பொஞ்சையும் ஒரே நாளில் தொடவில்லை.

பத்தாம் நாள் பச்சை வெளிறியது. அப்போது நைத்திரைற்று ஏறியது. பயப்படாமல் தண்ணீர் மாற்றுவதைத் தொடர்ந்தேன். மூன்றாம் கிழமை முடிவில் நைத்திரைற்றும் மறைந்தது, அமோனியாச் சோதனையும் மஞ்சளாகவே நின்றது. கடன் ஸ்பொஞ்சு இல்லாமல் தொடங்குபவர்களுக்கு நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கலாம். 55 லீற்றருக்கு நான்கு தங்கமீன் அதிகம் என்றும் அண்ணா சொன்னார். இருக்கும் இரண்டும் வளர்ந்தால் அவற்றுக்கும் பெரிய தொட்டி தேவைப்படும்.

அன்று மாலை மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமியிடம் போனேன். “பிழை என்னிலதான் மாமி. நான் கழுவிக் கழுவித்தான் மீன் செத்தது” என்றேன். அமோனியா மீனின் செவுளை எரிக்கும், அதனால்தான் அவை மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அதுகள் பசியில கேக்கேல்லையோ பிள்ளை? மூச்சுக்கு அந்தரப்பட்டதுகளோ?” என்றார். கண் கலங்கியிருந்தது. நாங்கள் இருவருமே அந்த வாயைப் பார்த்தோம். அவர் பசி என்று நினைத்தார். நான் அவரைத்தான் குற்றம் சொன்னேன்.

இப்போது தீனி போடும் பொறுப்பு மாமியுடையது. காலையில் ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே போடுகிறார். கதிரை மீண்டும் தொட்டிப் பக்கம் திரும்பியிருக்கிறது. சனிக்கிழமைகளில் ஸ்பொஞ்சை நோக்கி என் கை போனால், “விடு பிள்ளை, ஊத்தை இருக்கட்டும்” என்று தடுப்பவரும் அவரே.

வீட்டில் ஒன்று பிழைத்தால் முதலில் அடுத்தவர் கையைப் பார்க்கிறோம். அதற்கு முன் நம் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். உங்கள் வீட்டுத் தொட்டி அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.