குளத்தில் விழுந்த பந்தும் குளத்தில் இறங்கும் மனிதனும்

கோல்ஃப் பந்தைப் பற்றியா இந்த வாரக் கட்டுரை என்று புருவத்தை நெரிக்கும் அன்பர்கள் நம் அணியிலேயே இருக்கக்கூடும். விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, தென்பெண்ணையில் நுரை பொங்குகிறது; சீமான்கள் ஆடும் ஆட்டத்தின் பந்து எங்கே விழுந்தால் நமக்கென்ன என்று அவர்கள் கேட்பர். பந்து எங்கே விழுந்தால் என்ன என்பது சரிதான். அதை எடுக்க நீரில் இறங்குபவன் யார், எடுத்த பந்து யாருக்குப் போகிறது, இறங்கியவன் ஏறிவராவிட்டால் அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? இவை நம் கேள்விகள்.

ஓசூரை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகும் துவரையும் விளைந்த மண்ணில் 1970களில் சிப்காட் வந்தது. லாரி செய்யும் ஆலை வந்தது, மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது, கைக்கடிகார ஆலை வந்தது. வரட்டும், வேண்டாமென்று நாம் சொன்னதில்லை. ஆலை வந்தால் தொழிலாளி வருவான், தொழிலாளி வந்தால் சங்கம் வரும். பின்னர் ஜூஜுவாடிச் சாவடியைத் தாண்டிப் பெங்களூரின் பணம் வந்தது. வீட்டுமனைகள் வந்தன, உல்லாச விடுதிகள் வந்தன, கோல்ஃப் திடலும் வந்தது. பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். கோடையிலும் புல் கருகாதிருக்க, நாளொன்றுக்குப் பல இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். அத்திடலில் குளங்களும் வெட்டுவார்கள். புல்லுக்கு நீர் தேக்குவது ஒரு காரணம். ஆடுபவரின் பந்து தவறி விழுந்து ஆட்டம் சுவைக்க வேண்டும் என்பது மற்றொன்று! ஏரியில் ஒரு குடம் நீருக்கு ஏங்கும் ஊர்களின் பக்கத்தில், பந்து தொலைவதற்கென்றே ஒரு குளம்.

பந்து விழுந்தால் கனவான் என்ன செய்கிறார்? கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்கிறார். பையிலிருந்து வேறொரு பந்தை எடுக்கிறார். உயர்ந்த ரகப் பந்து ஒன்றின் விலை பல நூறு ரூபாய், கட்டட வேலைக்குப் போகும் பெண்ணின் ஒருநாள் கூலியோடு போட்டியிடும் விலை. அதைத் திரும்பிப் பாராமல் நடக்கிறார். சேற்றில் கிடக்கும் வரை அப்பந்துக்கு மதிப்பே இல்லை. ஒரு மனிதன் மூச்சடக்கி மூழ்கி, கையால் துழாவி, கரைக்குக் கொண்டுவந்து கழுவி வைத்த பிறகே அது மீண்டும் சரக்காகிறது. மதிப்பைத் தந்தது எது? உழைப்பு. உழைப்பே மதிப்பைத் தருகிறது என்று மேடைதோறும் பேசுகிறோமே, அதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைக்குமா?

அமெரிக்காவின் பிளோரிடாவில் இது முழுநேரத் தொழில். கம்பெனிகள் கோல்ஃப் சங்கங்களுக்குப் பணம் கட்டிக் குளங்களைக் குத்தகை எடுக்கின்றன. மூழ்குபவனுக்குப் பந்துக்கு இத்தனை சென்ட் என்று கூலி. நீருக்குள் கும்மிருட்டு, கண்ணுக்கு வேலையில்லை, விரல்தான் கண். முதலை உண்டு, பாம்பு உண்டு, புல்லுக்குத் தெளித்த பூச்சிமருந்தும் மழைநீரோடு வந்து அக்குளத்தில்தான் சேரும். காற்றுக்குழாய் சிக்கியும் மூச்சு முட்டியும் மாண்டவர்கள் இருக்கிறார்கள். பந்தைத் தரம் பிரித்து விற்கும் கம்பெனியோ ஈரம்படாமல் இலாபம் பார்க்கிறது.

இங்கிலாந்தின் கதை இன்னும் வேடிக்கை. திடலில் தொலைந்த பந்தைப் பொறுக்கியவன் திருடனே என்றும், ஆடியவர் கைவிட்டாலும் பந்து சங்கத்தின் வசத்தில்தான் இருக்கிறது என்றும் 1948இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் லெஸ்டர் பகுதிக் குளமொன்றில் இரவில் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்துகளை எடுத்தவருக்கு ஆறு மாதச் சிறை! நாடே முணுமுணுத்த பிறகு மேல்முறையீட்டு மன்றம் அவரை வெளியே விட்டது. தொலைத்தவர் தேடவில்லை, திடலுக்குரியவர் மூழ்கவில்லை. மூழ்கியவருக்கு மட்டும் விலங்கு.

‘எங்கள் நிலத்தில் கிடப்பது எங்களுடையது’ என்பார்கள். அப்படியானால் ஒன்று கேட்கிறோம். இந்நாட்டைச் சுரண்ட வந்த வெள்ளையன், 1878இல் புதையல் சட்டம் ஒன்று செய்தான். மண்ணில் மறைந்திருந்த பொருளைக் கண்டெடுத்துக் கலெக்டருக்கு அறிவித்தவனுக்கும் நிலத்துக்காரனுக்கும் வேறு உடன்பாடு இல்லையென்றால், கண்டெடுத்தவனுக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு என்று அதில் எழுதினான். கோல்ஃப் பந்து புதையலல்ல, அச்சட்டம் இதற்குப் பொருந்தாது, அறிவோம். ஆனால் கண்டெடுத்த கைக்கு நிலத்தைவிடப் பெரிய பங்கு உண்டென்பது அன்னிய ஆட்சிக்கே தோன்றியிருக்கிறதே!

நம் கடலோரத்தையும் நினைவூட்டுகிறோம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவன் கூலியாளாக மட்டும் இருந்ததில்லை. இலங்கைக் கரையில் ஆங்கில அரசு நடத்திய குளிப்புகளில் அரசுக்கு மூன்றில் இரண்டு, குளித்தவர்க்கு மூன்றில் ஒன்று என்று சிப்பிகளைப் பிரித்தார்கள். அதுவும் கொள்ளைதான். என்றாலும் பங்கு என்ற சொல்லாவது இருந்தது. மேலே கயிற்றைப் பிடிக்க, மூழ்கியவன் நம்பிய ஒருவன் இருந்தான். இன்றைய வெள்ளை முத்துக்கு மூழ்குபவனுக்குப் பங்கும் இல்லை, கயிறும் இல்லை என்றால் இதற்குப் பெயர் முன்னேற்றமா?

‘உழைத்தால் உயரலாம், முனியப்பாவைப் பாருங்கள்’ என்று ஒரு வாதம் வரும். பெங்களூர்த் திடலில் பிறர் பையைச் சுமந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்றார். அவரைப் பாராட்டுகிறோம், நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவரோடு பை சுமந்த மற்றவர்கள் எங்கே என்று அந்த வாதக்காரர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவர் ஏறிய ஏணியைக் காட்டி ஊரையே கூரையில் ஏற்றியதாகச் சொல்வது பழைய வித்தை.

ஓசூர்ப் பகுதியில் இன்ன குளத்தில் இன்னார் இறக்கப்படுகிறார் என்று நாம் யார்மீதும் குற்றம் சாட்ட வரவில்லை. விபத்து நடந்தபின் மாலையோடு போய் நிற்கும் அரசியல் நமக்கு வேண்டாம் என்பதால் முன்கூட்டியே பேசுகிறோம். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் தீப்பற்றி எரிந்தது, நீர் எரிந்தது! அந்த ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாய் எழுகிறது. 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ஏரிகளைச் சீர்செய்ய 500 கோடி ரூபாயை ஒதுக்கிவைக்கக் கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. அந்நீரில் கால் வைத்து வலை வீசுபவனும், பாத்தி கட்டுபவனும் நம்மவர்கள். நகரத்தின் களிப்பும் கழிவும் ஒருசேர எல்லை தாண்டும்போது, தண்ணீரில் உடம்பை நனைப்பவன் மட்டும் எப்போதும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவனாக இருப்பது தற்செயலா?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவு. நீரில் மூழ்கிச் செய்யும் கூலிவேலை எதுவாயினும், 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நலவாரியங்களில் அது தனித்தொழிலாகப் பதிவாக வேண்டும். கரையில் கயிறோடு இருவர் இல்லாமல் ஒருவரையும் இறக்கக் கூடாது. நீரைச் சோதித்த சான்று குளக்கரையில் தொங்க வேண்டும். பந்து எடுக்கும் உரிமை வெளியூர்க் குத்தகைதாரருக்கல்ல, அந்தந்த ஊர்த் தொழிலாளர் கூட்டுறவுக்கு, பங்கு முறையில் தரப்பட வேண்டும். கைவிட்ட பந்தை எடுத்த சிறுவன்மீது திருட்டு வழக்கு என்ற பேச்சே எழக்கூடாது.

மார்ச் 22, உலக நீர் நாளன்று கிராமசபை கூடும். ஓசூர், பாகலூர், சூளகிரி வட்டாரத் தோழர்கள் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி, கையொப்பங்களோடு அன்று காலையே எடுத்துச் செல்லுங்கள். மினிட் புத்தகத்தில் ஏறும்வரை இடத்தைவிட்டு எழ வேண்டாம்.