அந்த 10 மதிப்பெண்ணை ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?

தீயணைப்பு வேலைக்கு இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தம்பிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தீயணைப்பாளர் வேலைக்கு இன்டர்வியூவே கிடையாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. யார் முன்னாலும் உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. ஓடவும் கயிறு ஏறவும் தெரிய வேண்டும், அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்டர்வியூ இருப்பது அதற்கு மேல்படியில், நிலைய அலுவலர் பதவிக்கு. அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். 2023-ல் சார்பு ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து 129 நிலைய அலுவலர் இடங்களை அறிவித்தார்கள். எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் 15, நேர்முகத் தேர்வு 10, சிறப்பு மதிப்பெண் 5.

இங்கேதான் எங்களுக்கு வருத்தம். பி.ஏ., பி.எஸ்சி. முடித்த நம் பிள்ளைகளில் பலரும் தீயணைப்பாளருக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "இன்டர்வியூல நம்மள எடுக்க மாட்டாங்கண்ணா" என்கிறார்கள். இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவர்களைக் கேளுங்கள். "எந்த ஊர்?" என்ற கேள்வியோடு விடமாட்டார்கள். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்பது அடுத்த கேள்வி. "அப்பா என்ன பண்றார்?" என்பது அதற்கடுத்தது. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் "சொல்லி அனுப்புறோம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்த அறையை மனதில் சுமந்துகொண்டு இன்னொரு அறைக்குள் போகப் பயப்படுவது இயல்புதான்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நிலைய அலுவலர் எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விக்கு அரை மதிப்பெண். அப்படியென்றால் நேர்முகத் தேர்வின் 10 மதிப்பெண் 20 கேள்விகளுக்குச் சமம். அரை மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் தேர்வு இது. இவ்வளவு பெரிய பங்கை ஒரு சிலரின் கண்ணுக்கும் காதுக்கும் விடுவது சரியா என்ற கேள்வி நமக்கு இருக்கிறது. ஒன்றிய அரசு கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வையே நீக்கிவிட்டது. நேர்முகத் தேர்வுக்கு அதிக மதிப்பெண் ஒதுக்கினால் தன்னிச்சைக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்று 1980-ல் அஜய் ஹாசியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. 10 விழுக்காடு சட்டப்படி தாங்கும் என்பார்கள். தாங்கட்டும். ஆனால் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோ சாதிப் பிரிவோ குழுவின் மேசையில் இருக்கக் கூடாது, உரையாடல் முழுதும் காணொளியில் பதிவாக வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இதைக் கேட்டுக்கொண்டே தேர்வையும் எழுதுவோம். கோரிக்கை நிறைவேறட்டும், பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் வயது வரம்புதான் கடந்துபோகும்.

என்ன படிப்பது? பயிற்சி மையங்களில் விற்கும் பொதுக் கேள்வித் தொகுப்பை விடுங்கள். நம் பகுதியைச் சுற்றி எரிந்ததை முதலில் படியுங்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து 14-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தீபாவளிக் கூலிக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். உங்கள் வயதுதான் இருக்கும். 2024 செப்டம்பர் 28 அன்று ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும் தீ. குடியிருப்பை ஒட்டிக் கிடங்கு இருந்தால் என்ன ஆகும், ஒரே ஒரு வாசல் இருந்தால் என்ன ஆகும், ரசாயனத் தீயில் தண்ணீரை அடிக்கலாமா என்று யோசித்துப் பதில் தயார் செய்யுங்கள். சிப்காட்டில் வேலை செய்த அனுபவம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். அவசர வழியில் சரக்கு அடுக்கி வைத்ததை நேரில் பார்த்தவருக்குப் புத்தகத்தில் இல்லாத விடை தெரியும்.

மலக்குழி பற்றிக் கட்டாயம் படியுங்கள். மலக்குழிக்குள் மனிதர் விழுந்து மாண்டால் மேலே தூக்க வருவது தீயணைப்புத் துறைதான். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதனால்தான் முதலில் இறங்கியவரைக் காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாகிறார்கள். பி.ஏ. செட் என்று சொல்லும் சுவாசக் கருவி இல்லாமல் யாரையும் இறங்க விடக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவதே குற்றம் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் தீர்ப்பு. செத்தது யாருடைய பிள்ளை என்று தெரிந்த ஒருவர் நிலைய அலுவலராக அங்கே நின்றால், உடலைத் தூக்கிக் கொடுத்ததோடு அறிக்கை முடியாது. இறக்கிவிட்டது யார் என்பதும் எழுதப்படும். நிலைய அலுவலர் பதவியை நாம் குறிவைக்கச் சொல்வதற்கு எங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

"ஏன் இந்த வேலை?" என்று கேட்பார்கள். சாதிப் பேச்சே எடுக்காதே என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். மேடைப் பேச்சு வேண்டாம், சரி. ஆனால் உண்மையை விழுங்கவும் வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்து நத்தம் காலனியில் வீடுகள் எரிந்ததைப் பார்த்து வளர்ந்தவர், எங்கள் பகுதியில் வீடுகள் எரிந்தன, அணைப்பவராக இருக்க விரும்புகிறேன் என்று இரண்டு வரியில் சொல்லலாம். ஏப்ரல் 14 என்ன நாள் என்றால் அண்ணல் பிறந்த நாள் என்பதோடு நிறுத்தாதீர்கள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் 60-க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். அதனால் அது தீத்தொண்டு நாளும் கூட. அப்போது அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர்.

இன்னொன்று, மொழி. நம் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய, அருந்ததியர் வீடுகளில் குறிப்பாக. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 2009-ல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பு உறுதியாக்கிவிட்டது. அந்த இடம் தமிழ்த் தாளில் பறிபோக விடக் கூடாது. தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள். பேச்சில் ஓசூர் வாடை அடித்தால் அடிக்கட்டும்.

தோழிகளுக்கு ஒரு சொல். தீயணைப்பாளர் வேலைக்கு இதுவரை ஆண்களை மட்டுமே எடுக்கிறார்கள், அது தனிச் சண்டை. ஆனால் குரூப் 1 வழியாக அதிகாரியாகவே நுழையலாம். 2003-ல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அப்படித்தான் நுழைந்தார்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறார்கள், பெயர் கொடுத்து வையுங்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராகச் சேர்ந்து, மூவர் குழுவாகவும் ஒருவர் தேர்வராகவும் உட்கார்ந்து பழகுங்கள். "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுப் பழகுங்கள். தோட்டி வேலை என்றால் தோட்டி வேலை என்றே சொல்லுங்கள், குரல் இறங்காமல். நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தவர்கள், என்ன கேட்டார்கள் என்பதை மறக்கும் முன்பே, பேருந்தில் வரும்போதே குறித்து வைத்து அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.