இலைதான் சின்னதாகும், பூ ஆகாது

"நம்மளை எல்லாம் போன்சாய் ஆக்கி வச்சிருக்காங்க மச்சி." செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னைக்கு எந்த ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும். பட்டிமன்ற மேடையிலும் இதேதான். சிறகை வெட்டின பறவை, தொட்டிக்குள்ள அடைச்ச மரம், இந்த ரெண்டும் கல்வி முறையைத் திட்டறதுக்கு நம்ம கையில் இருக்கிற ரெடிமேட் உவமைகள். பறவையை விட்டுடுவோம். அந்த மரத்துக்காக மட்டும் நான் கொஞ்சம் வாதாடணும்.

என் கருத்து இதுதான்: போன்சாய் வளர்க்கிறவர் ஒரு செடியைப் பார்க்கிற மாதிரி நம்மளை யாராவது பார்த்திருந்தா, நாம இப்படிப் புலம்பியே இருக்க மாட்டோம்.

சாட்சிக்கு ஒரே ஒரு செடியைக் கூப்பிடுறேன். பேரு ஃபிளவரிங் குயின்ஸ். ஜப்பான்ல 'போகே'ன்னு சொல்வாங்க. ரோஜாக் குடும்பம், முள்ளும் உண்டு. குளிர்காலம் முடியற நேரத்துல, இலை வர்றதுக்கு முன்னாடியே, மொட்டைக் கிளையில் சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், வெள்ளைன்னு பூத்துத் தள்ளும். டோயோ-நிஷிகின்னு ஒரு வகை இருக்கு. அதுல ஒரே செடியில், சில சமயம் ஒரே கிளையில், வெள்ளை, ரோஸ், சிவப்பு மூணும் வரும். போன்சாய்க்காரங்க ரொம்ப விரும்பி வளர்க்கிறது சோஜுபாய்ங்கிற குட்டி இலை வகை. அந்தப் பேருக்கு 'நீண்ட ஆயுள் ப்ளம்'னு அர்த்தம். ஆனா அது ப்ளம் மரமே இல்லை!

முதல் தப்பு எண்ணம்: போன்சாய்னா பட்டினி போட்டு குள்ளமாக்குறது. இல்லவே இல்லை. தொட்டி சின்னது, மண் கொஞ்சம். அதனாலேயே கவனிப்பு அதிகம் தேவை. குயின்ஸுக்கு நல்ல வெயில் வேணும். மண் முழுசா காய்ஞ்சு போகவே கூடாது. வெயில் காலத்துல தினமும் தண்ணி, சில நாள் ரெண்டு வேளை. வளரும் பருவத்துல ஒழுங்கா உரம். தண்ணி தேங்காம வடியணும்னு அகடாமாங்கிற களிமண் மணிகளைச் சலிச்சு, நுரைக்கல்லோட கலந்து போடுவாங்க. பட்டினி போட்டா போன்சாய் வராது, செத்த செடிதான் வரும்.

ரெண்டாவது, நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். போன்சாய்ல இலையைச் சின்னதாக்க முடியும். பூவையும் பழத்தையும் சின்னதாக்க முடியாது. ஒரு அடி உயர குயின்ஸ்ல பூக்கிற பூவும் தோட்டத்துப் புதர்ல பூக்கிற பூவும் ஒரே அளவுதான். தொட்டிக்குள்ள இருக்கிற மரத்தோட பூ, தொட்டி அளவுக்கு இறங்கி வர்றதில்லை. 'ஒடுக்கப்பட்டதன் சின்னம்'னு நாம மேடையில் காட்டற செடி இது.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. குயின்ஸ் ஒத்தைத் தண்டு மரம் ஆக விரும்பாது. அடியிலிருந்து புதுசு புதுசா குருத்து கிளப்பிட்டே இருக்கும், பலமெல்லாம் கீழேயே போகும். தண்டு பருமனாக ஏகப்பட்ட வருஷம் ஆகும். பைன் மரம் மாதிரி ஒத்தைத் தண்டா நிறுத்தணும்னா வாழ்நாள் பூரா குருத்தைக் கிள்ளிட்டே இருக்கணும். அதனால நிறைய பேர் செடி சொல்றதைக் கேட்டுக்கிட்டாங்க. அடியிலிருந்து பல தண்டு எழும்பற கொத்து வடிவத்துலயே அதை வளர்க்கிறாங்க. கம்பி கட்டறதும் அப்படித்தான். முத்தின கிளை படக்னு ஒடியும். இளசா இருக்கும்போதே மெதுவா வளைக்கணும், கம்பி பட்டையில் பதியறதுக்குள்ள கழட்டிடணும்.

நேரமும் செடியோட நேரம்தான். பெரும்பாலான போன்சாய்க்கு வசந்த காலத் தொடக்கத்துல தொட்டி மாத்துவாங்க. குயின்ஸுக்கு மட்டும் ஜப்பான்ல இலையுதிர் காலத்துல மாத்தற வழக்கம். காரணம், வேர்ல கட்டி கட்டியா வர்ற ஒரு பாக்டீரியா நோய். வெட்டின காயம் வழியாத்தான் அது உள்ளே நுழையும். மண் சூடேறற நேரத்துல வேரை வெட்டினா ஆபத்து அதிகம். கத்தரிக்கிறதுக்கும் கணக்கு இருக்கு. அடுத்த வருஷப் பூவுக்கான மொட்டு முந்தின வருஷமே பழைய கட்டையில் உருவாகிடும். பூ முடிஞ்சதும் வெட்டலாம். மொட்டு உருவான பிறகு அழகு பார்க்க வெட்டினா பூவையே வெட்டின மாதிரி. பழம் பிடிச்சாலும் செடி களைச்சுடும்னு பெரும்பாலானதைக் கிள்ளிடுவாங்க.

இன்னும் ஒண்ணு. 1923-ல கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவை உலுக்கிச்சு. அதுக்கப்புறம் அங்க இருந்த போன்சாய்க்காரங்க சிலர், மரங்களுக்கு நல்ல மண்ணும் தண்ணியும் காத்தும் வேணும்னு ஓமியாவுக்குக் குடி போனாங்க. 1925-ல அங்க போன்சாய் கிராமமே உருவாச்சு. மரத்துக்காக மனுஷன் இடம் மாறியிருக்கான்!

இப்போ நம்ம கதைக்கு வருவோம். அறுபது பேர் உட்காரும் கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே நாள் தொட்டி மாத்தறோம். கொத்தா வளரக்கூடிய பையன், கோடிங்கும் வேணும், நாடகமும் வேணும், மெக்கானிக்கல் லேபும் வேணும்னு நாலு பக்கம் குருத்து விடறான். "முதல்ல பிளேஸ்மென்டைப் பாரு"ன்னு மூணைக் கிள்ளிடறோம். மொட்டு பிடிச்சிருக்கிற நேரம் பார்த்து இன்டர்னல் டெஸ்ட் கத்தரி வருது. இதுக்குப் பேரு போன்சாய் இல்லை. புல் வெட்டற மெஷின். எது புல், எது பூச்செடின்னு அதுக்குத் தெரியாது, ஒரே உயரத்துல வெட்டிட்டுப் போயிடும்.

"என்ன இருந்தாலும் வெட்டறது வெட்டறதுதானே?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. போன்சாய்லயும் வெட்டு உண்டு, கம்பி உண்டு. செடிகிட்ட யாரும் சம்மதம் கேட்கறதும் இல்லை. ஆனா தப்பான நேரத்துல வெட்டினா, தப்பா வளைச்சா, அடுத்த வசந்தத்துலயே மொட்டைக் கிளை முன்னாடி நிற்கும். வளர்த்தவர் அதைத் தினமும் பார்த்தாகணும். நம்ம விஷயத்துல கிளை ஒடிஞ்சா அது செடியோட அரியர். வெட்டினவங்க கணக்குல ஏறாது. எனக்குக் கோபம் வர்றது இந்த இடத்துலதான்.

அதனால வாத்தியார்களுக்கும், அடுத்த வருஷம் ஜூனியர்ஸை வழிநடத்தப் போற நமக்கும் சேர்த்தே சொல்றேன். ஒரு பையன்கிட்ட "இதை விடு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவன் எந்தக் கட்டையில் பூக்கிறான்னு ஒரு வருஷமாவது பார்த்திருக்கணும். பார்க்காதவங்க கையில் கத்தரி இருக்கக் கூடாது.

கடைசியா, இதைப் படிச்சுட்டு ஆன்லைன்ல குயின்ஸ் ஆர்டர் போட்டுடாதீங்க. அதுக்குக் குளிர்காலத் தூக்கம் வேணும். சென்னை, மதுரை வெயில்ல அது கிடைக்காது, ரூமுக்குள்ள வச்சாலும் ஆகாது. ஆசை இருந்தா சுவர் இடுக்குல தானா முளைச்ச ஆலங்கன்னு இருக்கு, காகிதப்பூ இருக்கு. நம்ம ஊர் வெயில்ல வளர்ற ஒண்ணை எடுங்க. முதல் ஒரு வருஷம் எதையும் வெட்டாதீங்க. தண்ணி ஊத்துங்க, அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.