பெலேவுக்குக் கிடைக்காத தங்கப் பந்து



இம்முறை இலக்கணமும் இல்லை. கட்டுரைப் பயிற்சியும் இல்லை. காற்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்போர் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். செய்தி வகுப்பறைக்குள்தான் தொடங்குகிறது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொது அறிவுப் புதிர்த்தாள் ஒன்றை நான் தயாரித்திருந்தேன். அதில் ஒரு கேள்வி: 'உலகின் தலைசிறந்த காற்பந்து ஆட்டக்காரருக்கான விருதை மிக அதிக முறை வென்றவர் யார்?' நான் எதிர்பார்த்த விடை மெஸ்ஸி. 2009 தொடங்கி 2023 வரை எட்டு முறை வென்றவர். ஒரு மாணவன் மட்டும் 'பெலே' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் தவறு என்று குறியிட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் என் மேசைக்கு வந்தான்.

"ஐயா, அப்படியென்றால் பெலே எத்தனை முறை வாங்கினார்?"

"ஒருமுறையும் இல்லையப்பா."

"ஏன் ஐயா? அவர் அவ்வளவு நன்றாக விளையாட மாட்டாரா? எங்கள் தாத்தா வேறு மாதிரி சொன்னாரே!"

நல்ல வேளையாக மணி அடித்தது. அதைக் காரணம் காட்டி அவனை அனுப்பிவிட்டேன். ஆனால், அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெலே நன்றாக விளையாடாதவர் என்னும் முடிவுக்கு வரும்படி ஓர் ஆசிரியன் கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன் என்றால், பிழை யாருடையது?

'பாலோன் டோர்' எனப்படும் தங்கப் பந்து விருதை 1956ஆம் ஆண்டு தொடங்கியது பிரான்ஸ் ஃபுட்பால் என்னும் பிரெஞ்சு இதழ். முதல் விருது இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூசுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 41. வாக்களித்த செய்தியாளர்கள் 16 பேர். மேத்யூசுக்கு 47 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற டி ஸ்டெஃபானோவுக்கு 44. மூன்றே புள்ளிகள் வேறுபாடு! அக்காலத்தில் அது ஐரோப்பியர்களுக்கு ஐரோப்பியச் செய்தியாளர்கள் கொடுத்த விருது. ஐரோப்பிய நாடொன்றின் குடிமகனாக இல்லாதவருக்கு வாக்களிக்கவே முடியாது. டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவில் பிறந்தவர்தாம். ஆனால், 1956இல் ஸ்பெயின் குடியுரிமை பெற்றுவிட்டார். எனவே அவருக்குக் கதவு திறந்தது. 1957இலும் 1959இலும் வென்றார். அதே அர்ஜென்டினாவில் பிறந்து இத்தாலியக் குடிமகனான சிவோரி 1961இல் வென்றார்.

இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஓர் ஐரோப்பிய இதழ் ஐரோப்பியர்களுக்குப் பரிசு கொடுப்பது அதன் உரிமை. நம் ஊர் மாவட்டப் போட்டியில் அடுத்த மாவட்டத்துப் பள்ளியைச் சேர்க்கவில்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை. ஆனால், மாவட்டக் கிண்ணத்தை வென்றவனை 'உலக வெற்றியாளன்' என்று பெயர்ப்பலகையில் எழுதி மாட்டினால் அதற்கு என்ன பெயர்? இன்று நடப்பது அதுதான். 1956 முதல் இன்றுவரை ஒரே பட்டியலாக, ஒரே மூச்சில், 'உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள்' என்று நாளேடுகள் அச்சிடுகின்றன. நாமும் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம்.

1958ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவீடனில் உலகக் கிண்ணம். 17 வயதுப் பெலே ஆறு கோல்கள் போடுகிறார். இறுதியாட்டத்தில் மட்டும் இரண்டு. பிரேசில் 5-2 என்னும் கோல் கணக்கில் வெல்கிறது. அவ்வாண்டின் தங்கப் பந்து பிரான்சின் ரேமண்ட் கோப்பாவுக்கு! 1962இல் காரிஞ்சா சிலி நாட்டுத் திடல்களில் எதிரணியினரைத் திக்குமுக்காட வைத்துப் பிரேசிலுக்குக் கிண்ணத்தை வென்று தந்தார். விருது செக்கோஸ்லோவாக்கியாவின் மாசோபுஸ்டுக்கு. கோப்பாவும் மாசோபுஸ்டும் எளியவர்கள் அல்லர். அவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவர்களோடு போட்டியிட வேண்டியவர்களின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் கொடுமையானது 1986. மரடோனா அப்போது எங்கோ கண்காணாத நாட்டில் ஆடிக்கொண்டிருக்கவில்லை. 1984 முதல் இத்தாலியின் நாப்போலி குழுவில் ஐரோப்பியச் செய்தியாளர்களின் கண்ணெதிரே ஆடியவர். 1986இல் மெக்சிகோவில் அர்ஜென்டினாவின் தலைவராக உலகக் கிண்ணத்தை ஏந்தினார். இங்கிலாந்துக்கு எதிராக அவர் பாதித் திடலைக் கடந்து போட்ட அந்த இரண்டாவது கோலைப் பார்க்காத காற்பந்து அன்பர் உண்டோ? (முதல் கோலைப் பற்றிப் பேச வேண்டாம், அது கையால் போட்டது. மாணவர்களுக்கு அதையும் நான் மறைப்பதில்லை.) அவ்வாண்டின் ஐரோப்பியத் தங்கப் பந்து சோவியத் ஒன்றியத்தின் இகோர் பெலானோவுக்குப் போனது. பெல்ஜியத்துக்கு எதிராக மூன்று கோல்கள் போட்டும் இரண்டாம் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய அணியின் வீரர் அவர். இன்று என் வகுப்பில் பெலானோவ் யார் என்று கேட்டால் ஒரு கையும் உயராது. மறு ஆண்டே நாப்போலி முதன்முறையாக இத்தாலிய வெற்றியாளர் ஆனது. அப்போதும் மரடோனாவுக்குத் தகுதி இல்லை. காரணம், கடப்பிதழின் நிறம்!

ஆப்பிரிக்காவின் கதை இதைவிடக் கசப்பானது. 1965இல் வென்ற யூசேபியோ இன்றைய மாப்புட்டோவில், அதாவது மொசாம்பிக்கில் பிறந்தவர். அவர் எப்படி வென்றார்? மொசாம்பிக் அப்போது போர்த்துகலின் குடியேற்ற நாடு. எனவே அவர் போர்த்துகீசியர் எனக் கணக்கிடப்பட்டார். நாடு அடிமையாக இருந்தால் கதவு திறக்கும். விடுதலை பெற்றால் கதவு மூடும். இந்த முரணைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

1995இல்தான் விதி மாறியது. ஐரோப்பியக் குழுக்களில் ஆடும் எந்த நாட்டவரும் வெல்லலாம் என்றனர். அவ்வாண்டே லைபீரியாவின் ஜார்ஜ் வியா வென்றார்! கதவு திறந்த முதல் ஆண்டிலேயே ஓர் ஆப்பிரிக்கர் உள்ளே நுழைந்தார் என்றால், அதற்கு முந்திய 39 ஆண்டுகளில் வெளியே நின்றவர்கள் யார், யார்? ஆனால், 2025 வரை ஆப்பிரிக்க நாடொன்றுக்கு ஆடிய வேறு எவரும் வெல்லவில்லை. ஆசியர் ஒருவரும் இல்லை. தென்கொரியாவின் சோன் ஹியூங் மின் 2022இல் 11ஆம் இடம் பெற்றதே நம் கண்டத்தவர் எட்டிய உயரம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அந்த இதழே சொல்லியிருக்கிறது. விருதின் 60ஆம் ஆண்டையொட்டி 2016இல் பிரான்ஸ் ஃபுட்பால் பழைய முடிவுகளை மறுஆய்வு செய்தது. எல்லா நாட்டவருக்கும் தகுதி இருந்திருந்தால், 1995க்கு முந்திய 39 விருதுகளில் 12 விருதுகள் தென்னமெரிக்கர்களுக்குப் போயிருக்கும் என்று வெளியிட்டது. பெலேவுக்கு ஏழு, மரடோனாவுக்கு இரண்டு, காரிஞ்சா, கெம்பெஸ், ரொமாரியோ ஆகியோருக்கு ஆளுக்கு ஒன்று. சரி, பட்டியலைத் திருத்தினார்களா? இல்லை! பழைய வெற்றியாளர்களிடமிருந்து பிடுங்குவது முறையன்று என்பது எனக்கும் உடன்பாடே. ஆனால், அச்சிடும் இடமெல்லாம் 'ஐரோப்பியர்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா? மரடோனாவுக்கும் பெலேவுக்கும் பின்னாளில் சிறப்பு விருது கொடுத்தார்கள். பெலே 2013ஆம் ஆண்டுக்கான விழா மேடையில் அதைப் பெற்றுக்கொண்டு கண்கலங்கினார். அப்போது அவருக்கு வயது 73.

அதெல்லாம் பழங்கதை, இப்போது சரியாகிவிட்டது என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். முழுவதும் சரியாகவில்லை. 2007இல் உலகம் முழுவதும் உள்ள ஆட்டக்காரர்களுக்குத் தகுதி கொடுத்தார்கள்; ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள செய்தியாளர்களுக்கும் வாக்கு கொடுத்தார்கள். 2010 முதல் 2015 வரை ஃபீஃபாவோடு இணைந்து நடத்தியபோது தேசிய அணித் தலைவர்களும் பயிற்றுநர்களும்கூட வாக்களித்தனர். 2022இல் மறுபடியும் சுருக்கிவிட்டார்கள். ஆண்கள் விருதுக்கு ஃபீஃபா தரவரிசையின் முதல் நூறு நாடுகளின் செய்தியாளர்களுக்கு மட்டுமே வாக்கு. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த நூற்றுக்குள் இல்லை. நன்றாக ஆடத் தெரியாத நாட்டவனுக்கு நல்ல ஆட்டத்தை மதிப்பிடவும் தெரியாதாம்! விடியற்காலை மூன்று மணிக்கு உணவகத்தில் தே தாரிக் குவளையோடு கண்விழித்துக் கிடக்கும் நம்மவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

2013இல் நடந்தது ஆசிரியர்களுக்கு நன்றாகப் புரியும். வாக்களிப்புக்குக் குறித்த நாள் முடிந்தது. திடீரென்று கால அவகாசத்தை இரண்டு வாரம் நீட்டித்தார்கள். ஏற்கெனவே வாக்களித்தவர்களும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இடையில் ரொனால்டோ சுவீடனுக்கு எதிராக மூன்று கோல்கள் போட்டார், விருதையும் வென்றார். பல கிண்ணங்களை வென்ற பாயர்ன் குழுவின் ரிபேரி மூன்றாம் இடத்தில் நின்றார். ரொனால்டோ தகுதியற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், தேர்வு நேரம் முடிந்தபின் இன்னும் அரை மணி நேரம் எழுதலாம் என்று நாம் அறிவித்தால் பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா?

இன்னொரு குறையும் உண்டு. இதில் நானும் குற்றவாளி. இவ்விருதை வென்ற கோல்காவலர் ஒரே ஒருவர்தாம். 1963இல் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின். அதற்குப்பின் எவரும் இல்லை. 1973இல் சோஃப் இரண்டாமிடம். 2006இல் பஃபோன் இரண்டாமிடம். தற்காப்பு ஆட்டக்காரர்களிலும் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என விரல்விட்டு எண்ணிவிடலாம். மிலான் குழுவுக்கு 902 ஆட்டங்கள் ஆடிய மால்டினி ஒருமுறைகூட வெல்லவில்லை. 2019இல் கோல்காவலர்களுக்கென யாஷின் பெயரில் தனி விருது வைத்தார்கள். நல்லதுதான், ஆனால், எனக்கு அது பந்தியில் இடம் கொடுக்காமல் சமையலறையில் இலை போடுவதைப் போலத் தெரிகிறது.

நம் நாட்டு ஆறுமுகத்தை நினைத்துக்கொள்கிறேன். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்ற கோல்காவலர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு மலேசியா தகுதி பெற்ற காலத்து வீரர். புறக்கணிப்பால் நம் அணி அங்குப் போகவில்லை. 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். என் தலைமுறைப் பையன்கள் அவரைப் போல் பாய்ந்து பாய்ந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்கள். அப்படி வளர்ந்த நான், பள்ளிக் காற்பந்துக் குழுவின் பொறுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில் 'சிறந்த ஆட்டக்காரர்' கிண்ணத்தை யாருக்குக் கொடுத்தேன்? ஒவ்வோர் ஆண்டும் கோல் போட்டவனுக்கே! பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து வெட்கப்பட்டேன்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 வரை அவர்களுக்குத் தங்கப் பந்து இல்லை. முதலில் வென்ற நார்வேயின் அடா ஹெகர்பெர்கிடம் மேடையிலேயே, இடுப்பை ஆட்டி ஆடத் தெரியுமா என்று விழா நடத்துநர் கேட்டார். 'இல்லை' என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டு அவர் திரும்பினார். நம் பள்ளிகளில் பந்து உதைக்க வரும் மாணவிகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் மெஸ்ஸி சட்டை அணியட்டும்; எட்டு விருதுகளையும் ஆண்டுவாரியாக ஒப்புவிக்கட்டும். என் மகனும் அப்படித்தான். ஆசிரியர்களே, அப்பட்டியலைப் பலகையில் ஒட்டுவதானால் 1995இல் ஒரு கோடு போட்டு ஒட்டுங்கள். கோட்டுக்கு மேலே 'ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும்' என்று எழுதுங்கள். எழுத்தட்டை ஒன்றும் பேனா ஒன்றும் போதும். கல்வி அமைச்சின் அனுமதி தேவையில்லை.

மறுநாள் அந்த மாணவனை அழைத்தேன். அவனுக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. பெலே என்னும் விடை அந்தக் கேள்விக்குச் சரியாகாது. கேள்வியையே நீக்கிவிட்டேன். முப்பத்திரண்டு பேருக்கும் ஒரு மதிப்பெண் குறைந்தது. சரியாக எழுதியவர்கள் முணுமுணுத்தார்கள். கரும்பலகையில் 1958, 1962, 1986 என்று மூன்று ஆண்டுகளை எழுதி, அரை மணி நேரம் மேற்கண்ட கதையைச் சொன்னேன். இறுதியில் அவன் எழுந்து, "ஐயா, அந்தத் தாளை நான் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? தாத்தாவிடம் காட்ட வேண்டும்," என்றான்.

கொடுத்தனுப்பினேன். சிவப்புக் குறியை மட்டும் அடித்துவிட்டு.